சாதன மரம் (கணினியியல்)

சாதன மரம் அல்லது டிவைஸ் ட்ரீ என்பது, ஒரு கணினியில் என்னென்ன வன்பொருட்கள் உள்ளன, அவை எந்தெந்த முகவரிகளில் அமைந்துள்ளன, ஒன்றோடொன்று எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்பவற்றை இயக்குதளத்துக்குத் தெரிவிக்கும் தரவுக் கட்டமைப்பு ஆகும். கைபேசிகள், வலைப்பின்னல் திசைவிகள், தொலைக்காட்சிப் பெட்டிகள், ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகள் எனப் பலவகை உட்பொதிந்த முறைமைகளில் இது பயன்படுகின்றது. லினக்ஸ் கருனி, ஃபிரீபிஎஸ்டி, யு-பூட் துவக்க ஏற்றி, செஃபிர் ஆகிய மென்பொருட்கள் இதனைப் படித்துப் பயன்படுத்துகின்றன.

சாதன மரத்தின் அடிப்படை விதி ஒன்று உண்டு. அது வன்பொருளை விவரிக்க வேண்டும். அவ்வன்பொருளை இயக்கும் மென்பொருளை விவரிக்கக் கூடாது. ஒரு சில்லின் ஒரு வசதியைப் பயன்படுத்தும் சாதன இயக்கி இன்று இல்லாவிட்டாலும், அந்த வசதி பலகையில் இருக்குமானால் மரத்தில் அது எழுதப்படலாம். இவ்விதி சொல்வதற்கு எளிது, பின்பற்றுவதற்குக் கடினமானது. சாதன மரத்தைச் சுற்றி எழுந்துள்ள சிக்கல்களில் பெரும்பகுதி இவ்விதி மீறப்பட்டதாலோ, இதன் எல்லை எது என்பதில் கருத்து வேறுபட்டதாலோ தோன்றியவையே.

தேவை

மேசைக் கணினிகளில் உள்ள பிசிஐ, யுஎஸ்பி ஆகிய பாட்டைகள் தம்மில் இணைந்துள்ள சாதனங்களைத் தாமே கண்டறியக்கூடியவை. ஒரு யுஎஸ்பி விசைப்பலகையைச் செருகினால், அது தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் கணினிக்குத் தெரிவிக்கும். இயக்குதளம் அவ்வெண்களைக் கொண்டு பொருத்தமான இயக்கியைத் தேர்ந்தெடுக்கும். யாரும் முன்கூட்டி எதையும் எழுதிவைக்க வேண்டியதில்லை.

உட்பொதிந்த முறைமைகளில் நிலைமை வேறு. ஒரு கைபேசிச் சில்லினுள் நேரக்கணிப்பிகள், தொடர்த்தொடர்புக் கட்டுப்படுத்திகள், ஒளிப்படக்கருவி இடைமுகங்கள் எனப் பல பகுதிகள் ஒரே சிலிக்கானில் அமைந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தம்மை அடையாளம் காட்டுவதில்லை. குறிப்பிட்ட நினைவக முகவரியில் குறிப்பிட்ட பதிவகங்கள் இருக்கின்றன என்பதைச் சில்லின் கையேட்டைப் படித்த மனிதரே அறிவார்.

ஐ2சி பாட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டே கம்பிகளைக் கொண்ட இப்பாட்டையில் ஒவ்வொரு சில்லுக்கும் 7 பிட் முகவரி ஒன்று உண்டு. டிஎஸ்1307 என்னும் கடிகாரச் சில்லின் முகவரி பதினறும எண்முறையில் 68 ஆகும். டிஎஸ்3231 என்னும் மற்றொரு கடிகாரச் சில்லுக்கும் அதே 68. எம்பியு-6050 என்னும் அசைவு உணரிக்கும் இயல்பான முகவரி 68 தான். ஆகவே 68 என்று அழைத்து மறுமொழி கிடைத்தால், பேசுவது கடிகாரமா உணரியா என்பதை அந்த மறுமொழியைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது. தவறாக ஊகித்து எழுதினால், ஒரு சில்லின் அமைப்புப் பதிவகங்கள் குலைந்துபோகவும் கூடும். எனவே யாரேனும் ஒருவர் இதை எங்கேனும் எழுதிவைத்தாக வேண்டும். கேள்வி, எங்கே எழுதுவது என்பதுதான்.

வரலாறு

சாதன மரம் என்னும் கருத்து உட்பொதிந்த கணினிகளில் பிறந்ததன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியில் தன் ஸ்பார்க் பணிநிலையங்களுக்காக ஓப்பன்பூட் என்னும் நிலைபொருளை உருவாக்கியது. மிட்ச் பிராட்லி இதன் முதன்மை வடிவமைப்பாளர் ஆவார். ஃபோர்த் மொழியில் அமைந்த அந்த நிலைபொருள், கணினி துவங்கும்போதே வன்பொருட்களை ஆராய்ந்து ஒரு மரமாக நினைவகத்தில் அமைத்துக்கொண்டது. இயக்குதளம் அந்த மரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இது 1994இல் ஐஇஇஇ 1275 என்னும் தரமாக, ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற பெயரில் ஏற்கப்பட்டது. ஆப்பிளின் பவர் மேக்கின்டோஷ் கணினிகளும் ஐபிஎம்மின் பவர்பிசி வழங்கிகளும் இதனைப் பயன்படுத்தின. பின்னர் 2007இல் வெளிவந்த ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினித் திட்டத்தின் எக்ஸ்ஓ-1 கணினியிலும் இதே நிலைபொருள் இடம்பெற்றது.

சிறு பலகைகளுக்கு முழு ஓப்பன் ஃபர்ம்வேர் மிகப் பெரிது. 2005இல் பென்ஜமின் ஹெரன்ஷ்மிட், லினக்ஸ் கருனியின் பவர்பிசிப் பிரிவுக்காக ஓர் எளிய வழியை அறிமுகப்படுத்தினார். நிலைபொருள் இல்லாவிட்டாலும் மரம் மட்டும் போதும் என்பதே அவ்வழி. மரத்தைத் தட்டையாக்கி ஒரே இருமக் கோப்பாக நினைவகத்தில் வைத்து, அதன் முகவரியைக் கருனிக்குக் கொடுத்துவிடலாம். இதனைத் தட்டைச் சாதன மரம் என்பர். டேவிட் கிப்சன் எழுதிய சாதன மர மொழிமாற்றி, மனிதர் படிக்கத்தக்க உரைக் கோப்பை இருமக் கோப்பாக மாற்றித் தந்தது. லினக்ஸின் 32 பிட், 64 பிட் பவர்பிசிப் பிரிவுகள் ஒன்றாக இணைக்கப்பட்டபோது, புதிய பிரிவில் சாதன மரம் கட்டாயமாக்கப்பட்டது. 2008இல் பவர்.ஆர்க் அமைப்பு இம்முறையை ஈபேப்ர் என்னும் தரமாக வெளியிட்டது. அதன் வழிவந்த சாதன மர வரையறையின் 0.1 பதிப்பு 2016இலும், 0.4 பதிப்பு 2023இலும் வெளிவந்தன.

ஆர்ம் கட்டமைப்பில் கதை வேறாக இருந்தது. அங்கு ஒவ்வொரு பலகைக்கும் சி மொழியில் ஒரு பலகைக் கோப்பு கருனியின் மூல நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டது. ஒவ்வொரு பலகையும் ஓர் இயந்திர எண்ணைப் பதிவுசெய்து பெற்றுக்கொள்ள வேண்டும். துவக்க ஏற்றி அவ்வெண்ணை ஆர்1 பதிவகத்தில் வைத்துக் கருனியை ஓடவிடும். கருனி எண்ணைப் பார்த்து உரிய பலகைக் கோப்பைத் தேர்ந்தெடுக்கும். ஒரு தொழிற்சாலை தன் பலகையில் ஒரு மின்முனையை மாற்றினாலும் சி நிரலைத் திருத்தி, கருனியை மீண்டும் மொழிமாற்றம் செய்ய வேண்டியிருந்தது. கைபேசிச் சந்தை விரிந்தபோது இக்கோப்புகள் கட்டுக்கடங்காமல் பெருகின. ஒரே வகைச் சில்லுக்கு வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு வகையில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப எழுதின.

2011 மார்ச் மாதத்தில் லினசு டோர்வால்ட்ஸ் இந்நிலையை மிகக் கடுமையான சொற்களால் கண்டித்தார். அதன்பின் ஆர்ம் மாற்றங்களை ஒருங்கிணைத்துச் சேர்க்கத் தனிக் குழு அமைந்தது. கிராண்ட் லைக்லி முதலியோர் முன்னரே தொடங்கியிருந்த சாதன மரப் பணியும் விரைவுபெற்றது. 2012 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 3.7, வெவ்வேறு நிறுவனங்களின் ஆர்ம் சில்லுகளில் ஒரே கருனிக் கோப்பு ஓடுவதற்கு வழிசெய்தது. அதே பதிப்பில் சேர்க்கப்பட்ட 64 பிட் ஆர்ம் பிரிவில் பலகைக் கோப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அமைப்பு

சாதன மரம் கணுக்களால் ஆனது. ஒவ்வொரு கணுவும் ஒரு சாதனத்தையோ, பாட்டையையோ, சாதனங்களின் தொகுதியையோ குறிக்கும். ஒவ்வொரு கணுவுக்கும் பண்புகள் உண்டு. பண்பு என்பது ஒரு பெயரும் அதற்குரிய மதிப்பும் ஆகும். எண்கள் 32 பிட் கொண்ட செல்களாக எழுதப்படுகின்றன.

கியூஎமு என்னும் போன்மிப் பொறியில் விர்ட் என்ற பெயரில் ஒரு கற்பனை ஆர்ம் பலகை உள்ளது. அது தன் சாதன மரத்தைத் தானே உருவாக்கிக் கருனிக்கு அளிக்கின்றது. அம்மரத்தின் ஒரு கிளை கீழே தமிழில் சுருக்கித் தரப்பட்டுள்ளது. உண்மைக் கோப்பில் பெயர்கள் ஆங்கிலத்திலும் எண்கள் பதினறும எண்முறையிலும் அமையும்.

வேர்
    ஒத்திசைவு = "லினக்ஸ்,டம்மி-விர்ட்"
    நினைவகம்@40000000
        இடம் = 40000000 முதல், நீளம் 8000000
    பிஎல்011@9000000
        ஒத்திசைவு = "ஆர்ம்,பிஎல்011", "ஆர்ம்,பிரைம்செல்"
        இடம் = 9000000 முதல், நீளம் 1000
        குறுக்கீடு = பகிர்வு வகை, எண் 1, உயர்மட்டத் தூண்டல்
        கடிகாரம் = 24 மெகாஹெர்ட்ஸ் கணு

பதினறும 8000000 என்பது 128 மெகாபைட்டுக்குச் சமம். பிஎல்011 என்பது ஆர்ம் நிறுவனம் வடிவமைத்த தொடர்த்தொடர்புக் கட்டுப்படுத்தி ஆகும். கணுவின் பெயரில் உள்ள அடையாளக் குறிக்குப் பின் வருவது அதன் முகவரி. கடிகாரம் என்னும் பண்பு மரத்தின் வேறு கிளையில் உள்ள மற்றொரு கணுவைச் சுட்டுகின்றது. இத்தகைய சுட்டு பிஹேண்டில் எனப்படும். இதனால் சாதன மரம் பெயரளவில் மரமாக இருந்தாலும், உண்மையில் கிளைகளுக்கிடையே கொடிகள் படர்ந்த ஒரு வலையாகவே உள்ளது. பாட்டையில் யார் யாருக்குக் கீழே என்பதை மரம் காட்டும்; யாருக்கு மின்சாரமும் கடிகாரத் துடிப்பும் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சுட்டுகள் காட்டும்.

இருமக் கோப்பின் முதல் நான்கு பைட்டுகள், பதினறும எழுத்துக்களில் டூட் ஃபீட் என்று வாசிக்கத்தக்க ஓர் எண்ணாகும். இக்கோப்பில் எண்கள் எப்போதும் பெரிய முனை முதலாக எழுதப்படுகின்றன. இது பவர்பிசியின் மரபு. இன்று இதனைப் படிக்கும் செயலிகளில் பெரும்பாலானவை சிறு முனை முதலானவை என்பதால், ஒவ்வொரு எண்ணையும் அவை திருப்பிப் போட்டே படிக்கின்றன.

நிலை என்னும் பண்பு தனியாகக் குறிப்பிடத்தக்கது. ஒரு சில்லின் எல்லாப் பகுதிகளும் ஒரு பொதுக் கோப்பில் எழுதப்பட்டு, பெரும்பாலானவை முடக்கப்பட்டவை எனக் குறிக்கப்படும். ஒவ்வொரு பலகைக்கும் உரிய சிறு கோப்பு, அப்பலகையில் கம்பி இணைக்கப்பட்ட பகுதிகளை மட்டும் இயங்குபவையாக மாற்றும். இங்கு முடக்கம் என்பதன் பொருள், இப்பலகையில் இது பயன்படும் வகையில் இணைக்கப்படவில்லை என்பதாகும். இதற்கு இயக்கி இன்னும் எழுதப்படவில்லை என்பது அதன் பொருளன்று.

வன்பொருள் விவரிப்பும் இயக்கியும்

மேற்கண்ட பிஎல்011 கணுவை இரண்டு மென்பொருட்கள் படிப்பதாகக் கொள்வோம். யு-பூட் துவக்க ஏற்றியின் இயக்கி குறுக்கீடுகளைப் பயன்படுத்துவதில்லை. எழுத்து வந்துவிட்டதா என்று பதிவகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே குறுக்கீடு என்னும் பண்பு அதற்குத் தேவையில்லை; படிக்காமல் விட்டுவிடும். லினக்ஸ் இயக்கிக்கோ அப்பண்பு இன்றியமையாதது. மரத்தை எழுதியவர் யு-பூட்டை மட்டும் கருத்தில் கொண்டு அவ்வரியை நீக்கியிருந்தால், அதே மரத்தைக் கொண்டு லினக்ஸ் தன் கட்டளைத்திரையை இயக்க முடியாது. வன்பொருளில் அந்தக் கம்பி இருக்கின்றது, எனவே எழுதப்படுகின்றது. யார் அதைப் பயன்படுத்துகின்றார்கள் என்பது எழுதுபவரின் கவலையன்று.

டிஎஸ்3231 கடிகாரச் சில்லில் நேரம் காட்டுவதோடு இரண்டு எழுப்பொலி அமைப்புகளும், 32 கிலோஹெர்ட்ஸ் வெளியீடும், வெப்பநிலை உணரியும் உள்ளன. நேரத்தை மட்டும் படிக்கும் ஓர் எளிய இயக்கி ஒருவரிடம் இருக்கலாம். ஆனால் பலகையில் எழுப்பொலி முனை செயலியின் ஒரு முனையோடு இணைக்கப்பட்டிருந்தால் அந்தக் குறுக்கீடு மரத்தில் எழுதப்பட வேண்டும். அம்முனை செயலிக்குச் செல்லாமல் மின்வழங்கல் சில்லுக்குச் சென்றால், கணினியை உறக்கத்திலிருந்து எழுப்பவல்லது என்று குறிக்கும் தனிப் பண்பு உண்டு. வெப்பநிலை உணரி பற்றி எதுவுமே எழுத வேண்டியதில்லை. ஏனெனில் டிஎஸ்3231 என்ற பெயரிலேயே அது அடங்கிவிட்டது. எந்தப் பலகையிலும் அது மாறாது. பலகைக்குப் பலகை மாறக்கூடியவை மட்டுமே பண்புகளாக எழுதப்படுகின்றன. புதிதாக எழுதுவோர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே. சில்லின் கையேட்டில் உள்ள அனைத்தையும் மரத்தில் கொட்டுவது விவரிப்பு ஆகாது.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. தேக்ககத்தின் அளவு, எத்தனை மில்லிநொடிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், எந்த இயக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் போன்றவை வன்பொருளின் இயல்புகள் அல்ல. அவை ஓர் இயக்குதளத்தின் விருப்பங்கள். அவற்றை மரத்தில் எழுதினால், பின்னர் இயக்கி மாறும்போது மரம் பொய்யாகிவிடும்.

எனினும் கோடு எப்போதும் தெளிவாக இல்லை. ஒரு பொத்தான் எந்த மின்முனையில் உள்ளது என்பது வன்பொருள். அதை அழுத்தினால் எந்த விசைக் குறியீடு தோன்ற வேண்டும் என்பது எதைச் சேர்ந்தது? பெட்டியின் மேல் ஒலியளவு என்று அச்சிடப்பட்டிருப்பதால் அதுவும் வன்பொருளே எனலாம். லினக்ஸ் தன் குறியீட்டு எண்ணையே மரத்தில் எழுதி, பண்பின் பெயருக்கு முன் லினக்ஸ் என்ற முன்னொட்டைச் சேர்த்துக்கொள்கின்றது. இயக்குதளம் சார்ந்த செய்திகளுக்கென்றே வேரின் கீழ்த் தேர்வுகள் என்னும் தனிக் கணுவும் உள்ளது. கருனிக்கான கட்டளை வரியும், கட்டளைத்திரை எது என்பதும் அங்கே எழுதப்படும். தூய்மையான விதிக்கு இவை விலக்குகள். ஆனால் விலக்கு என்று பெயர் எழுதிய பெட்டியில் வைக்கப்பட்ட விலக்குகள்.

ஆர்ஜிஎம்ஐஐ தாமதச் சிக்கல்

இவ்விதியை மீறினால் என்ன நேரும் என்பதற்கு ஈதர்நெட் இணைப்பில் ஏற்பட்ட ஒரு நிகழ்வு நல்ல சான்று. செயலியில் உள்ள ஈதர்நெட் கட்டுப்படுத்தியும் கம்பியை இயக்கும் பௌதிக அடுக்குச் சில்லும் ஆர்ஜிஎம்ஐஐ என்னும் இடைமுகத்தால் இணைக்கப்படுகின்றன. நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் இதன் கடிகாரம் 125 மெகாஹெர்ட்ஸ் ஆகும். அதாவது ஒரு சுற்றுக்கு 8 நானோநொடி. கடிகாரத்தின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் தரவு செல்வதால், ஒவ்வொரு தரவும் 4 நானோநொடி மட்டுமே கம்பியில் நிலைக்கும். அதன் நடுவில் படிக்க வேண்டுமானால் கடிகாரத்தை ஏறத்தாழ 2 நானோநொடி தாமதப்படுத்த வேண்டும். இத்தாமதத்தைப் பலகையில் கம்பியை வளைத்து நீட்டிப் பெறலாம். அல்லது இரு சில்லுகளுள் ஒன்று தன்னுள்ளே உண்டாக்கலாம். யாருமே சேர்க்காவிட்டாலும், இருவரும் சேர்த்துவிட்டாலும் இணைப்பு இயங்காது.

சாதன மரத்தில் இதற்கு நான்கு மதிப்புகள் உண்டு. வெறும் ஆர்ஜிஎம்ஐஐ என்றால் தாமதம் பலகைக் கம்பியிலேயே உள்ளது, சில்லுகள் சேர்க்க வேண்டியதில்லை என்று பொருள். ஐடி என்ற பின்னொட்டு இருந்தால் இரு திசைகளிலும் தாமதம் சில்லுக்குள் உண்டாக்கப்பட வேண்டும். மற்ற இரண்டும் ஒரு திசைக்கு மட்டும் உரியவை.

ஏதெரோஸ் ஏஆர்8031, ஏஆர்8035 ஆகிய சில்லுகளுக்கான லினக்ஸ் இயக்கி, பல ஆண்டுகள் தாமதத்தைக் கேட்டால் இயக்கியது. ஆனால் வேண்டாம் என்றபோது அணைக்கவில்லை. அச்சில்லுகளோ மீட்டமைக்கப்பட்டவுடன் பெறும் திசைத் தாமதத்தைத் தாமே இயக்கிக்கொள்பவை. இதனால் கம்பியில் தாமதம் இல்லாத பல பலகைகளின் மரங்களில் வெறும் ஆர்ஜிஎம்ஐஐ என்று எழுதப்பட்டிருந்தும் வலைப்பின்னல் இயங்கிவந்தது. எழுதியவர்கள் பலகையை விவரிக்கவில்லை. எந்தச் சொல்லை எழுதினால் இயக்கி வேலை செய்கின்றதோ அந்தச் சொல்லை எழுதினர்.

2019இல் அந்த இயக்கி வரையறைப்படி திருத்தப்பட்டது. வெறும் ஆர்ஜிஎம்ஐஐ என்றால் தாமதம் அணைக்கப்பட்டது. உடனே, முந்தைய நாள்வரை இயங்கிய பலகைகளில் கருனியைப் புதுப்பித்தவுடன் ஈதர்நெட் நின்றுபோனது. இயக்கியின் திருத்தம் சரியானது, மரங்களே தவறானவை. ஒவ்வொரு பலகையின் மரமும் தனித்தனியாகத் திருத்தப்பட்டது. கம்பத்தின் உச்சியிலோ தொழிற்சாலைச் சுவரிலோ பொருத்தப்பட்டு, வலைப்பின்னல் வழியாக மட்டுமே புதுப்பிக்கத்தக்க ஒரு கருவியில் இது நேர்ந்தால், ஏணி வைத்து ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை.

இயக்கி இல்லாத சாதனங்கள்

இயக்கி இல்லாத வன்பொருளை மரத்தில் எழுதுவது எப்போதும் தீங்கற்றது என்று கூறிவிடவும் முடியாது. லினக்ஸ் துவங்கி முடிக்கும்போது, எந்த இயக்கியும் உரிமை கோராத கடிகாரத் துடிப்புகளையும் மின்னழுத்தச் சீராக்கிகளையும் மின்சேமிப்புக்காக அணைத்துவிடுகின்றது. மரத்தில் எழுதப்படாத சீராக்கியைக் கருனி அறியாது, எனவே அணைக்காது. எழுதப்பட்டு, அதனைப் பயன்படுத்தும் சாதனத்துக்கு இயக்கி இல்லாவிட்டால் அணைத்துவிடும். முழுமையாக விவரித்ததற்குக் கிடைக்கும் பரிசு இருண்ட திரை.

ஆல்வின்னர் சில்லுகளில் இதுவே சிக்கலாக எழுந்தது. அச்சில்லுகளின் திரையை யு-பூட் இயக்கிவைக்கும். லினக்ஸில் அப்போது முறையான திரை இயக்கி சேர்ந்திருக்கவில்லை. யு-பூட் ஒதுக்கிய திரை நினைவகத்தில் லினக்ஸ் எழுதினால் படம் தெரியும். ஆனால் துவக்கத்தின் இறுதியில் திரையின் கடிகாரத் துடிப்புகள் உரிமையற்றவை எனக் கருதப்பட்டு நிறுத்தப்பட்டன. 2014இல் நீண்ட விவாதத்துக்குப் பின், எளிய திரை நினைவகக் கணுவில் அதற்குத் தேவையான துடிப்புகளையும் பட்டியலிடலாம் என முடிவாயிற்று. அவை வன்பொருளின் உண்மையான தேவைகளே என்பதால் விதியும் மீறப்படவில்லை. எப்போதும் அணைக்கக் கூடாத சீராக்கிகளுக்கு அவ்வாறே குறிக்கும் பண்பு முன்னரே இருந்தது.

2021 முதல் லினக்ஸ் கருனி, மரத்தில் உள்ள சுட்டுகளைக் கொண்டு எந்தச் சாதனம் எதனை நம்பியுள்ளது என்பதைத் தானே கணித்து, வழங்கும் சாதனம் ஆயத்தமான பின்னரே பெறும் சாதனத்தை இயக்குகின்றது. வழங்கும் சாதனத்துக்கு இயக்கியே இல்லையெனில் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற கேள்வி எழுகின்றது. கால வரம்பு ஒன்றை வைத்தே இது சமாளிக்கப்படுகின்றது. மரம் முன்பு வெறும் செய்தியாக இருந்தது. இப்போது அதில் உள்ள ஒவ்வொரு சுட்டும் துவக்க வரிசையையே மாற்றவல்லதாகிவிட்டது.

ஒத்திசைவுப் பெயர்கள்

ஒரு கணுவுக்கும் இயக்கிக்கும் இடையே உள்ள ஒரே பாலம் ஒத்திசைவு என்னும் பண்பு. இதில் தயாரிப்பாளர் பெயரும் சாதனப் பெயரும் காற்புள்ளியால் பிரித்து எழுதப்படும். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைக் குறிப்பானதிலிருந்து பொதுவானதை நோக்கி வரிசையாக எழுதலாம். ஃபிரீஸ்கேல் ஐ.எம்எக்ஸ்6 சில்லின் தொடர்த்தொடர்புக் கணுவில் முதலில் ஐ.எம்எக்ஸ்6க்யூ என்றும், அடுத்து அதற்கு மூத்த ஐ.எம்எக்ஸ்21 என்றும் பெயர்கள் உள்ளன. இயக்கி மூத்த சில்லின் பெயரை மட்டும் அறிந்திருந்தாலும் இரண்டாம் பெயரைக் கொண்டு பொருந்திவிடும். பிற்காலத்தில் புதிய சில்லுக்கு மட்டும் உரிய ஒரு வழு கண்டறியப்பட்டால், இயக்கி முதற்பெயரைக் கொண்டு அதனை இனங்காணலாம். அப்போது மரத்தைத் தொடவே வேண்டியதில்லை. முதற்பெயரை எழுதும் நாளில் அதனால் எந்தப் பயனும் இருப்பதில்லை. சில ஆண்டுகள் கழித்தே அதன் அருமை தெரியும்.

ஃபிரீஸ்கேல் நிறுவனம் 2015இல் என்எக்ஸ்பியுடன் இணைந்துவிட்டது. எனினும் மரங்களில் பழைய முன்னொட்டே நீடிக்கின்றது. ஒருமுறை வெளியான பெயரை மாற்றினால் பழைய மரங்கள் புதிய கருனியில் ஓடா.

பிணைப்புகளும் நிலைத்தன்மையும்

ஒரு சாதனத்தின் கணுவில் எந்தெந்தப் பண்புகள் இருக்கலாம், அவற்றின் பொருள் என்ன என்று கூறும் ஆவணம் பிணைப்பு எனப்படும். பிணைப்பு, இயக்கி எழுதப்படுவதற்கு முன்னரே ஏற்கப்படலாம். ஓர் இயக்கி இருக்கின்றது என்பதால் மட்டும் அதன் பிணைப்பு சரியானதாகிவிடாது. தொடக்கத்தில் பிணைப்புகள் வெறும் உரைக் கோப்புகளாக இருந்தன. 2019 அளவில் இருந்து ராப் ஹெரிங் முன்னெடுத்த முயற்சியால் அவை யாமெல் வடிவில், கணினியே சரிபார்க்கத்தக்க விதிகளாக மாற்றப்பட்டு வருகின்றன. இதனால் எழுத்துப் பிழையும் விடுபட்ட பண்பும் உடனே பிடிபடுகின்றன. ஆனால் தாமதம் கம்பியில் உள்ளதா சில்லில் உள்ளதா என்பதை எந்தச் சரிபார்ப்பியாலும் சொல்ல இயலாது. அதற்குச் சுற்றுப்பட வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும்.

பழைய மரம் புதிய கருனியில் ஓட வேண்டுமா என்பது 2013 அளவில் பெரும் விவாதப் பொருளாயிற்று. ஓட வேண்டும் என்போர், மரம் பலகையின் நிலைநினைவகத்தில் தொழிற்சாலையிலேயே எழுதப்பட வேண்டியது என்றனர். வேண்டாம் என்போர், நடைமுறையில் மரமும் கருனியும் ஒரே மூல நிரலிலிருந்து ஒன்றாகவே உருவாக்கப்படுகின்றன என்றனர். கொள்கையளவில் முதற்கட்சியே நிலைபெற்றது. நடைமுறையில் பல திட்டங்கள் இன்றும் இரண்டையும் சேர்த்தே புதுப்பிக்கின்றன. பிணைப்புகள் லினக்ஸுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதைக் காட்ட, புதிய பிணைப்பு ஆவணங்களை ஜிபிஎல், பிஎஸ்டி ஆகிய இரண்டு உரிமங்களிலும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றது.

மேலடுக்குகள்

ராஸ்பெர்ரி பை, பீகிள்போன் போன்ற பலகைகளில் பயனரே கூடுதல் பலகைகளைச் செருகலாம். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு முழு மரத்தை எழுதுவது இயலாது. ஆகவே மூல மரத்தின் மீது சேர்க்கத்தக்க சிறு துண்டுகள் மேலடுக்குகள் என்ற பெயரில் உருவாயின. 2015இல் வெளிவந்த லினக்ஸ் 3.19இல் பான்டெலிஸ் அன்டோனியோவின் பணியால் இவ்வசதி கருனியில் இடம்பெற்றது. பெரும்பாலும் துவக்க ஏற்றியே இவற்றை மரத்தோடு சேர்த்துவிடுகின்றது.

பிற முறைமைகளில்

செஃபிர் இயக்குதளம் சில கிலோபைட் நினைவகமே உள்ள நுண்கட்டுப்படுத்திகளில் ஓடுகின்றது. அங்கு மரத்தைத் துவக்க நேரத்தில் படிக்க இடமில்லை. எனவே மொழிமாற்ற நேரத்திலேயே மரம் சி மொழி மாறிலிகளாக மாற்றப்பட்டுவிடுகின்றது. இருமக் கோப்பு கருவிக்குள் செல்வதே இல்லை. எனினும் பிணைப்புகளின் கருத்து மாறவில்லை.

மேசைக் கணினிகளிலும், பல ஆர்ம் வழங்கிகளிலும், ஆர்ம் செயலியில் ஓடும் விண்டோஸ் கணினிகளிலும் ஏசிபிஐ என்னும் வேறு முறை பயன்படுகின்றது. 1996இல் வெளிவந்த அம்முறையில் தரவு அட்டவணைகளோடு, இயக்குதளம் ஓட்டவேண்டிய சிறு நிரல்களும் பைட்குறி வடிவில் இருக்கும். ஒரு மின்முனையை எவ்வாறு அணைப்பது என்பதை ஏசிபிஐ நிரலாகவே தந்துவிடும். சாதன மரமோ அம்முனை எங்கே உள்ளது என்று மட்டும் கூறி, அணைக்கும் வேலையை இயக்கியிடம் விட்டுவிடும்.

பார்வையிடல்

சாதன மரத்தைக் கொண்டு துவங்கிய லினக்ஸ் கணினியில், ப்ராக் அடைவின் கீழ் உள்ள டிவைஸ்-ட்ரீ என்னும் உள்ளடைவில் மரம் முழுவதையும் காணலாம். ஒவ்வொரு கணுவும் ஓர் அடைவாகவும் ஒவ்வொரு பண்பும் ஒரு கோப்பாகவும் தோன்றும். மாடல் என்னும் கோப்பைத் திறந்தால் பலகையின் பெயர் தெரியும். சாதன மர மொழிமாற்றியைத் தலைகீழாக இயக்கி, இவ்வடைவிலிருந்து உரைக் கோப்பை மீட்டெடுக்கவும் முடியும். ஆனால் மூல உரையில் எழுதப்பட்டிருந்த குறிப்புரைகளும் பெயர்ச்சுட்டுகளும் அதில் பொதுவாகக் கிடைப்பதில்லை. பெயர்களுக்குப் பதிலாக எண்களே காணப்படும்.